பால் பொங்கிய ஏழாம் எண் வீடு

பகல் கனவு காணச் சித்ரலேகாவுக்கு ஒரு பஸ் போதும். டவுனில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், பல்கலைக்கழக வாசல் வருவதற்குள் அவள் குவார்ட்டர்ஸ் ஏழாம் எண் வீட்டில் குடியேறிச் சாமான்களையும் இடம் மாற்றி வைத்திருப்பாள். ஊஞ்சலைக் கூடத்தில் மாட்டுவதா பின்பக்கம் மாட்டுவதா என்பதில்தான் இழுபறி. அவளிடம் ஊஞ்சலே கிடையாது, அது வேறு விஷயம்.

ஏழாம் எண் வீடு காலியாகக் கிடந்தது. அதன் அடுக்களையில் நின்றால் குளம் தெரியும். குளத்துக்கு அப்பால் மேற்கு மலை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நீலமாய் நிற்கும். டவுனில் அவளும் கணவன் கணேஷ்ராமும் வாடகைக்கு இருந்த மாடியில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கணேஷ்ராமுக்குக் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. குவார்ட்டர்ஸ் கேட்டு அவள் எழுதிக் கொடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இந்தத் தடவை அவள் முறை.

அவள் நடத்துவது அரசியல் அறிவியல். வியாழக்கிழமை சாயங்காலம் நூலகத்துக்குப் பின்னால் வாகை மரத்தடியில் ஒரு கூட்டம் உட்காரும். மாணவர்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், சில சமயம் தோட்டவேலை பார்க்கும் கோமுவும். தேர்தல், ஆற்றுத் தண்ணீர், பையன்கள் கையில் கட்டும் சாதிக் கயிறு, எதையும் பேசலாம். பேசுகிறவரை மறிக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். வகுப்பில் பாதித் தூக்கத்தில் நடத்துகிறவள், அங்கே வந்தால் முழுசாக விழித்துக்கொள்வாள். குரல் குளத்துக் கொக்குக்குக் கேட்கும்.

வைகாசி முடியப் போகிறது. வீடு ஒதுக்க வேண்டிய ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டோ ஆனியில்தான் கூடும். ஆனியிலும் ஆடியிலும் நம் ஆட்கள் புது வீடு புகுவார்களா? குடியிருப்புப் பிரிவு கண்காணிப்பாளர் தில்லைநாயகம் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, சாவியை அவளிடமே நீட்டினார்.

"ஆர்டர் அதுபாட்டுக்கு வரும் யம்மா. கடைசி முகூர்த்தத்த விட்டுராதிய. பாலக் காய்ச்சிப் போடுங்க, சாமான பையப் பைய ஏத்திக்கிடலாம்."

"தப்பில்லையா அண்ணாச்சி?"

"பால் காய்ச்சுததுக்கு எந்த ஆபீஸ்ல ரூல் இருக்கு?"

விடிந்தும் விடியாத வேளையில் அவளும் கணேஷ்ராமும் போய்ப் பாலைக் காய்ச்சினார்கள். கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாரல் காற்று ஜன்னல் வழியாக வந்து அடுப்பை அணைக்கப் பார்த்தது. அந்த நிமிஷமே, காகிதம் ஒன்றும் இல்லாமல், வீடு அவளுடையதாகிவிட்டது. ஆணை வருமுன் உரிமை வந்தால் என்ன ஆகும் என்பதை அவளே வகுப்பில் ஆயிரம் தடவை நடத்தியிருக்கிறாள். நடத்துவது வேறு, படுவது வேறு.

ஆனியில் சிண்டிகேட் கூடியது. முந்திரி பக்கோடா, காபி, இரண்டு தீர்மானங்கள். ஏழாம் எண் வீடு சித்ரலேகாவுக்கு. வளாகத்துக்குள் யாரும் அரசியல் பேசக் கூடாது, குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் அப்படி உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அரசியல் பாடம் நடத்தலாமாம், அரசியல் பேசக் கூடாதாம்! மீன் கடையில் மீன் வாடை வரக் கூடாது என்று சொல்ல இந்த மேதைகளுக்குப் படியும் பயணச் செலவும் வேறு.

தில்லைநாயகம் உறுதிமொழித் தாளை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்படி ஒண்ணச் சேப்பாங்கன்னு நெனைக்கல யம்மா. வேண்டாம்னா சொல்லுங்க, அடுத்தவங்களுக்குப் போயிரும்."

சாவி கையில் இருந்ததால் தாளோடு ஏழாம் எண்ணுக்கே போனாள். வெறும் தரையில் உட்கார்ந்தாள். அடுப்பு மேடையில் பால் தீய்ந்த கறை அப்படியே இருந்தது. வெயில் கூடத்தில் நகர நகர, இன்னும் வாங்காத நாற்காலிகளும், வைக்காத செம்பருத்தியும், படிக்க வேண்டிய புத்தகங்களும் ஒவ்வொன்றாக வந்து தங்கள் இடத்தில் நின்றன. மரத்தடியும் வந்தது. அதை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை. பால் பொங்கிய வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க எந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு மனசு வரும்? காய்ச்சாமல் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். அது நிச்சயம். முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வியாழக்கிழமை நூலகத்துப் பக்கம் போகாமல் சுற்றிப் போகப் பார்த்தாள். ஆராய்ச்சி மாணவி தஸ்மியா கண்டுகொண்டு ஓடி வந்தாள்.

"மேடம், வாங்க. நாங்க ஒண்ணும் பேசல. சும்மாதான் உக்காந்திருக்கோம்."

மரத்தடியில் ஏழெட்டுப் பேர் பேசாமல் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேலை கெடக்கும்மா," என்று சொல்லிவிட்டு நடந்தாள். பத்தடி போனபின் முகம் சுட்டது. வெட்கம்தான், வேறென்ன? ஆடி பிறப்பதற்குள் மரத்தடியில் காய்ந்த வாகை நெற்றுகள் மட்டும் சலசலத்தன.

வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுக்கவே ஆடி முடிந்துபோனது, ஆவணியில் குடிவந்தார்கள். வீடு கனவில் கண்டதைவிட நன்றாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். காலையில் குளத்து நாரைகள் கத்தி எழுப்பும். மலை அடுக்களைக்கே வந்துவிட்டது போலிருக்கும். செம்பருத்தி வேர் பிடித்தது. பஸ் இல்லாததால் அவள் கனவு காண்பதும் நின்றுபோயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். தேர்தல் வந்தாலே அவளைச் சீண்டுவது கணேஷ்ராமுக்கு வழக்கம். அவள் கரண்டியை நீட்டி அரைமணி நேரம் வெளுத்து வாங்குவதைக் கேட்க அவனுக்கு அவ்வளவு பிரியம்.

"ஏளா, இந்தத் தடவ யாருக்கு ஓட்டுப் போடப் போற?"

சித்ரலேகா சோற்றுக் கையோடு அவன் பக்கம் நகர்ந்தாள். காதருகே குனிந்து, மூச்சுக்காற்றாகச் சொன்னாள்.

அவன் சிரித்துவிட்டான். "எதுக்கு இப்படி குசுகுசுன்னு பேசுத? நம்ம வீடுதான இது?"

அவள் எழுந்து போய், மலை தெரிந்த ஜன்னலை இடது கையால் சாத்தினாள்.