காப்பிக் குட்டையில் ஜிலேபி மீன்

மலையில் வாழவந்திப் பஸ் திரும்பும் வளைவுக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தாழ்ந்த மூலையில், ஓடையை ஒட்டி ஒரு குட்டை. மேட்டூருக்குக் கல்யாணத்துக்குப் போன என் வீட்டுக்காரர், திரும்பி வரும்போது தண்ணீர்க் கேனில் ஜிலேபி மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து அதில் விட்டார்.

"ஏனுங்க, மேட்டூர் வெயில்ல பொறந்த மீனு, இந்தக் குளிரு தாங்குமுங்களா?" என்று கேட்டேன்.

"இருந்தா வறுத்துத் திங்கலாம். போனாப் போகட்டும்" என்றார்.

மார்கழியில் பனி இறங்கியதும் மீன்கள் கண்ணில் படவில்லை. சோற்றுப் பருக்கை போட்டாலும் வரவில்லை. செத்துவிட்டன என்றே நினைத்தேன். ஒரு மத்தியானம் ஓரத்துப் பாறைமேல் வெயில் விழுந்தபோது, அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்து, சூடான ஆழமில்லாத தண்ணீரில் அசையாமல் கிடந்தன. மேகம் மூடியதும் கீழே போய்விட்டன. அதன்பிறகு வெயில் எப்போது வரும் என்று அவற்றோடு நானும் பார்த்திருந்தேன்.

அதே சமயத்தில்தான் காப்பிப் பழம் அரைக்கும் வேலை. அரைத்த கழிவுத் தண்ணீர் தேங்கும் குழியின் கரை உடைந்து, எல்லாம் குட்டையில் இறங்கிவிட்டது. தண்ணீர் பழுப்பாகிப் புளித்த வாடை அடித்தது. ஓடையிலிருந்து வந்து குடியிருந்த சின்ன மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. ஜிலேபிகள் மட்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்து, திறந்து மூடி, திறந்து மூடி நின்றன. ஊற்றுத் தண்ணீர் சேர்ந்து குட்டை தெளியும்வரை அப்படியே நின்றன. ஒன்றுகூடச் செத்து மிதந்து நான் பார்க்கவில்லை.

"நொம்பக் கெட்டி உசுரு" என்றார் வீட்டுக்காரர். அவர் எதையும் லேசில் மெச்சுகிறவர் இல்லை.

கோடையில் குட்டை பாதியாக வற்றியது. அந்த வெதுவெதுத்த சேற்றுத் தண்ணீரில்தான் அவை குடித்தனம் தொடங்கின. ஆண் மீன் வாயால் சேற்றை அள்ளித் துப்பித் துப்பி, தட்டு மாதிரி ஒரு பள்ளம் தோண்டும். அதில் இட்ட முட்டைகளைப் பெண் மீன் வாயில் வாங்கிக்கொண்டு, இரை தின்னாமல் சுற்றும். பொரிந்த பிறகும் என் நிழல் விழுந்தால் போதும், குஞ்சுகள் அத்தனையும் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். காலைச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஓடை மீன் ஒன்றுகூடக் குட்டையில் மறுபடி தங்கவில்லை. தப்பித்தவறி வந்ததையும் ஜிலேபிகள் துரத்தி அடித்தன. மழைக்குக் குட்டை வழிந்தால் இவை நேராக ஓடையில்தான் போய்ச் சேரும்.

"ஓடையில எறங்கிட்டா நம்மால புடிக்க முடியாதுங்க. அங்க இருக்கிற சின்ன மீனெல்லாம் என்னாகும்?" என்றேன்.

"மழைக்கு முன்னால எறைச்சிரலாம்" என்றார்.

மோட்டார் வைத்து இறைத்தோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். வெறும் சேற்றில் பக்கவாட்டில் கிடந்தும் மீன்கள் செவுளை அசைத்துக்கொண்டிருந்தன. நான் தூக்கிய ஒன்று என் உள்ளங்கையில் குஞ்சுகளைக் கக்கியது. அதைக் கூடையில் போட எனக்கு மனம் வரவில்லை.

"வறுக்கத்தானே கொண்டாந்தேன்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஆனாலும் தாயையும் குஞ்சுகளையும் பக்கெட்டில் சுமந்துபோய், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தொட்டியில் விட்டது அவர்தான். அதிலிருந்து தண்ணீர் எங்கும் ஓடாது. சேற்றில் ஒரு குஞ்சும் மிஞ்சாதபடி குட்டையைக் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவினோம். மழையில் நிறைந்தபோது ஓடை மீன்கள் தாமாக ஏறி வந்தன.

தொட்டியில் இப்போது அந்தத் தாயின் வம்சம் இருக்கிறது. இடம் இல்லாததால் எதுவும் விரல் நீளத்துக்குமேல் வளரவில்லை. அந்த அளவிலேயே முட்டையிட்டு, வாயில் வைத்துக் குஞ்சு பொரிக்கின்றன. பார்க்கப் பார்க்க ஆச்சரியம் தீரவில்லை.

போன மாதம் கரடியூர்க்காரர் ஒருவர் குஞ்சு கேட்டு வந்தார். "எந்தத் தண்ணியிலயும் பொழைக்குதுன்னு சொன்னாங்க. எங்க தோட்டத்து ஓடையில உடலாம்னு."

"அதனாலதானுங்க தர முடியலை" என்றேன். குட்டை இறைத்த கதையைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. தொட்டியோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பினார்.