ஏலியாம்மா படித்துறையில் தவறிய தாளம்

குட்டநாட்டில் குஞ்ஞச்சனுக்கு ஊரே சொந்தம்தான். வெள்ளம் வந்தால் தன் வீட்டுச் சாமானை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கிழவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வீட்டில் கரிமீனின் நடுத்துண்டு எப்போதும் மனைவி ஏலியாம்மாவுக்குத்தான்.

அப்பேர்ப்பட்டவரை ஊர் வருஷத்துக்கு ஒரு நாள் திட்டித் தீர்க்கும். பாம்புப் படகின் நடுவில் நின்று, துடுப்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் உலக்கையால் தாளம் இடிப்பவர் அவர். போட்டியன்று தன் வீட்டுப் படித்துறை வந்ததும் ஓர் இடியை விட்டுவிட்டு, ஏலியாம்மாவைப் பார்த்துத் துண்டை ஆட்டிவிடுவார். துடுப்புகள் அந்தரத்தில் நிற்கும். படகு தோற்கும்.

"பொண்டாட்டிய வீட்ல போய்ப் பாத்துக்கக் கூடாதாய்யா?" என்று கரையே கத்தும். ஏலியாம்மா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு தடவைகூடப் பதிலுக்குக் கையாட்டியதில்லை.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் போட்டி. உலக்கை இப்போது மகன் பென்னியின் கையில். படகு சீறிக்கொண்டு முதலாவதாக வந்தது!

"சேச்சி, இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான்!" என்று பக்கத்து வீட்டு ரோசிலி குதித்தாள்.

படித்துறை வந்தது. பென்னி தாளம் தவறாமல்தான் இடித்தான். துடுப்புக்காரர்களின் பழகிய கைகள் கேட்டால்தானே? அத்தனை துடுப்புகளும் ஒன்றாக அந்தரத்தில் நின்றன.

"ஐயோ, பாவிகளா!" என்று ரோசிலி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏலியாம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். தோள் துண்டை உருவித் தலைக்குமேல் சுழற்றினாள்.

"பாத்துட்டேன்டா, பாத்துட்டேன்! துடுப்பப் போடுங்கடா!"