எங்கள் கப்டனுக்கு என்ன நட்சத்திரம்?

இன்று டொரொண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் பஸ் ஏறினால், பக்கத்து வீட்டு அன்ரி இருக்கிறார். நெற்றியில் திருநீறு, மடியில் அர்ச்சனைத் தட்டு, தலையில் நமது பெண்கள் கூடைப்பந்து அணியின் தொப்பி.

"ஆருக்கு அன்ரி அர்ச்சனை?"

"எங்கட கப்டனுக்குத்தான். முழங்கால் நோவெண்டு மூண்டு ஆட்டமா வெளியில இருக்கிறாள். நாளைக்குத் தோத்தா சீசன் முடிஞ்சுது."

"ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டிருப்பாரே?"

"அந்தப் பேர் அவருக்கு வாயில வரேல்லை. ரேவதி எண்டு நட்சத்திரத்தை மட்டும் சொல்லிச் செய்தவர். பிறந்த திகதியைப் போனில போட்டு நான்தான் கண்டுபிடிச்சனான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அவ பிறந்தது அவுஸ்திரேலியாவில. நீங்கள் டொரொண்டோ நேரத்துக்கோ பாத்தனீங்கள்?"

அன்ரியின் முகம் மாறியது. திரும்பவும் போனைத் தட்டினார்.

"ஐயோ, உத்தரட்டாதி! அப்ப அந்த அர்ச்சனை ஆருக்குப் போச்சு?"

மணியை அடித்து, அடுத்த தரிப்பிலேயே இறங்கிக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார்.

சும்மா இருக்க முடியாமல் நானும் தேடிப் பார்த்தேன். நாளைய எதிரணியில் ஆக உயரமான பெண்ணுக்கு ரேவதி.

நாளைக்கு அந்தப் பெண் கூடை கூடையாகப் போட்டால், தயவுசெய்து யாரும் கோச்சைத் திட்டாதீர்கள். அன்ரியிடமும் சொல்லிவிடாதீர்கள்.