பாண்டிச்சேரிக்கு மூன்று பேர்

ஓசூரில் அவர்கள் குடியிருந்த தெருவில் ப்ரீதாவையும் காவேரியையும் அக்கா தங்கை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வீட்டுக்காரி நாராயணம்மா மாடி வீட்டை வாடகைக்கு விடும்போதே அப்படித்தான் கேட்டாள். காவேரி முந்திக்கொண்டு ஆமாம் என்றாள். ஒருத்தி சர்ச்சுக்கும் இன்னொருத்தி கோயிலுக்கும் போகிறார்களே என்று பிறகு யாராவது இழுத்தால், ப்ரீதா பெரியம்மா மகள், பெரியம்மா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள் என்று ஒரு கதையையும் கட்டி வைத்திருந்தாள். காய்கறிக் கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில் என்று வருஷக்கணக்காக அக்கா, அக்கா என்று கூப்பிட்டுப் பழகி, கதவைச் சாத்திய பிறகும் சில சமயம் காவேரியின் வாயில் அதே சொல் வந்துவிடும். அப்போதெல்லாம் ப்ரீதா எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

ப்ரீதாவுக்கு முப்பத்தெட்டு வயது. சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. சொந்த ஊர் எலத்தகிரி. வந்த மாப்பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தட்டிக் கழித்துவிட்டு, கடைசியில் ஒரு நாள் அண்ணன் மெல்வினிடம் உள்ளதைச் சொன்னாள். அவன் கத்தவில்லை. இனிமேல் கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னான். அவளும் போகவில்லை.

காவேரி அவளைவிட மூன்று வயது இளையவள். வேப்பனப்பள்ளி பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். அவள் வேலை செய்வது உத்தனப்பள்ளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில், பூவைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் சூப்பர்வைசராக. ஜனவரி கடைசியிலிருந்து காதலர் தினம் முடியும்வரை அங்கே யாருக்கும் லீவு கிடையாது. பூவெல்லாம் விமானமேறும். சானமாவுக் காட்டில் யானை ரோட்டைக் கடக்கிறது என்று வேன் நின்றுவிட்டால், காவேரி வீடு சேரும்போது சோறு ஆறிப்போயிருக்கும்.

அந்தப் பூ சீசன் முடிந்ததும் எங்கேயாவது போய் வரலாம் என்று ஆரம்பித்தது ப்ரீதாதான். ஓசூர்க் குளிர் அந்த வருஷம் எலும்பு வரைக்கும் போயிருந்தது. வெயில் அடிக்கிற ஊராக, கடல் இருக்கிற ஊராக இருக்க வேண்டும் என்றாள். பாண்டிச்சேரி என்று முடிவாயிற்று. காவேரிக்கும் சந்தோஷம்தான், ப்ரீதா லாட்ஜுகளுக்குப் போன் போட ஆரம்பிக்கும் வரைக்கும்.

முதலில் கேட்ட இடத்தில் இரண்டு பெண்கள் என்றதும் தாராளமாக வரச் சொன்னார்கள். ஃபேமிலி ரூமே தருகிறோம், பாதுகாப்பான இடம், அக்கா தங்கச்சியா மேடம் என்று கேட்டார்கள். ப்ரீதா ஒரு நிமிஷம் நிதானித்து, இல்லை, நாங்கள் கப்புள் என்றாள். அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அந்தத் தேதியில் ரூம் காலியில்லை என்றார்கள். அடுத்த இடத்தில் ஒருத்தன் சிரித்தான். இன்னொரு இடத்தில், ஏன் மேடம் இதையெல்லாம் போனில் சொல்கிறீர்கள், சும்மா வந்து தங்கிவிட்டுப் போகலாமே என்றார்கள், நல்ல விதமாகவே.

காவேரியும் அதையேதான் கேட்டாள். "வாயத் தொறக்காம இருந்தா எந்த ஊர்லயும் நமக்கு ரூமு குடுப்பாங்க. நீ ஏன் வலியப் போயி சொல்ற?"

"அதுக்குத்தான் போறதே," என்றாள் ப்ரீதா. "நாலு நாளைக்காவது நான் உனக்கு அக்கா இல்லாம இருக்கணும். அங்கயும் பொய் சொல்லிட்டுத்தான் தங்கணும்னா, நாம இந்த ஊட்டுலயே இருந்துக்கலாம்."

காவேரி அதற்குமேல் வாதாடவில்லை. ஆனால் தம்பி மாதேஷுக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது, சம்பந்தி வீட்டு ஆட்கள் பாண்டிச்சேரிப் பக்கம் வேலையில் இருக்கிறார்கள் என்று அடுத்த சில நாட்கள் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். ப்ரீதா விடாமல் தேடினாள். தன்னைப் போன்ற பெண்கள் பேசிக்கொள்ளும் ஒரு வாட்ஸப் குழுவில் யாரோ ரூபா என்ற பெயரையும் நம்பரையும் கொடுத்தார்கள். கடற்கரைக்குப் பக்கத்துச் சந்தில் பழைய வீடொன்றை ரூபா தங்கும் விடுதியாக நடத்திவந்தாள். ப்ரீதா வழக்கம்போல, மனப்பாடம் செய்ததைப் போல, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். ரூபா கேட்டது ஒன்றுதான்: தெருவைப் பார்த்த ரூம் வேண்டுமா, வேப்பமரத்தைப் பார்த்த ரூம் வேண்டுமா. ப்ரீதா வேப்பமரம் என்று சொல்வதற்குள், லைன் போய்விட்டதோ என்று ரூபா இரண்டு தடவை அலோ சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே காவேரியின் அம்மா லட்சுமியம்மாள் ஓசூருக்கு வந்து சேர்ந்தாள். கண்ணில் புரை. ஆபரேஷனை இங்கே வைத்துக்கொண்டார்கள். பிரசவத்துக்குத் தாய் வீடு போன மருமகள் சுவாதி இன்னும் திரும்பாததால் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து போட ஊரில் ஆளில்லை. தோப்பு வீட்டில் தூசி வேறு. ஒரு மாதம் மகளிடமே இருக்கட்டும் என்று மாதேஷ் விட்டுவிட்டுப் போனான்.

வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அதை லட்சுமியம்மாளுக்கு விட்டுவிட்டு அவர்கள் இருவரும் ஹாலில் பாய் விரித்தார்கள். காவேரி தன் பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். இடையில் ஒரு ஆள் நடந்து போகலாம். ப்ரீதா அதைப் பார்த்தாள். பூ சீசன் உச்சத்தில் இருந்ததால் காவேரி வீட்டில் இருந்த நேரமே குறைவு. சொட்டு மருந்து போட்டது, தலைக்குத் தண்ணீர் படாமல் உடம்புக்கு மட்டும் ஊற்றிவிட்டது, களி கிண்டிக் கொடுத்தது எல்லாம் ப்ரீதாதான். லட்சுமியம்மாள் அதிகம் பேசுகிறவள் இல்லை. மருந்து போட முகத்தை நிமிர்த்தும்போது ப்ரீதாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். போட்டு முடித்த பிறகும் சற்று நேரம் விடமாட்டாள்.

பாண்டிச்சேரி விஷயத்தை அவளிடம் போட்டு உடைத்தது நாராயணம்மா. ஊருக்குப் போகிற நாட்களில் பால் பாக்கெட்டை நிறுத்திவைக்கச் சொல்லி ப்ரீதா அவளிடம் சொல்லியிருந்தாள். அன்று மாலை சாப்பிடும்போது லட்சுமியம்மாள் மகளைக் கேட்டாள். காவேரி தட்டைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றாள்.

"நான் கடலு பாத்ததே இல்ல," என்றாள் லட்சுமியம்மாள். "கண்ணு ஆறிடுச்சின்னு டாக்டரும் சொல்லிட்டாரு. என்னயும் கூட்டினு போங்க."

காவேரியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாது என்பது ப்ரீதாவுக்கும் புரிந்தது. புரிந்தும் மனசு ஆறவில்லை.

மறுநாள் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து ரூபாவுக்குப் போன் செய்தாள். அம்மாவும் வருகிறார்கள், கூட ஒரு கட்டில் போட முடியுமா என்று கேட்டாள். அதற்கென்ன, போட்டுவிடலாம் என்ற ரூபா, பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அம்மாவுக்குத் தெரியுமா? அவங்க முன்னாடி உங்க ரெண்டு பேரையும் நான் எப்படிச் சொல்லணும்?"

சுற்றிலும் தட்டுகள் மோதும் சத்தம். எத்தனையோ இடங்களில் துணிந்து சொன்னதை, சொன்னதற்காகவே ரூம் கிடைக்காமல் போனதை ப்ரீதா நினைத்துப் பார்த்தாள். "ஃப்ரெண்ட்ஸ்னு சொல்லிடுங்க," என்றாள். அன்று மதியம் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

பிப்ரவரி கடைசியில் மூன்று பேரும் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு பஸ், திருவண்ணாமலையில் இன்னொன்று. லட்சுமியம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். திண்டிவனம் தாண்டியதும் காற்று மாறியது. போர்த்தியிருந்த சால்வையைத் தானே மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ரூபா வாசலிலேயே நின்று வரவேற்றாள். சொன்னபடியே, வேலைக்காரப் பெண்ணிடம் இவர்களை ஃப்ரெண்ட்ஸ் என்றும் அம்மா என்றும் அறிமுகம் செய்தாள். அறையில் ஒரு பெரிய கட்டிலும் சுவரோரம் ஒரு சின்னக் கட்டிலும் கிடந்தன. யார் எதில் என்று பேச்சு வருவதற்கு முன்பே லட்சுமியம்மாள் தன் பையைச் சின்னக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கடலுக்குப் போனார்கள். ஊருக்குள் கரையெல்லாம் பாறை என்பதால் ஆட்டோ பிடித்து மணல் இருக்கிற இடத்துக்குப் போனார்கள். லட்சுமியம்மாள் வெகுநேரம் நின்று பார்த்தாள். இது அந்தப் பக்கம் எங்கே முடிகிறது என்று கேட்டாள். பிறகு மணலில் உட்கார்ந்து, பக்கத்தில் வந்து உட்காரும்படி ப்ரீதாவுக்குக் கை காட்டினாள். காவேரி நாலடி தள்ளி அலையோரம் நின்றிருந்தாள்.

"அந்தம்மா நேத்து உங்கள ஃப்ரெண்டுன்னாங்களே. நீ சொல்லி வெச்சதா?"

ப்ரீதாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமாம்மா."

"எனக்காவத்தான?"

"ஆமா."

லட்சுமியம்மாள் மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டாள். "நான் உங்கள ஒண்ணும் கேக்கல. நீங்களும் எதும் சொல்ல வேணாம். சொன்னீங்கன்னா அதுக்கு நான் என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஊருல மாதேஷு இருக்கறான், சம்பந்தி ஊடு இருக்குது. அங்க நான் வாயத் தொறக்க மாட்டன். என்னால ஆவாது." உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். பிறகு, "ஆனா ஒரு மாசமா ஆளுக்கொரு மூலையில பாயப் போட்டுப் படுத்தீங்களே, அது எனக்காவ வேணாம்மா. பாக்கவே நல்லா இல்ல," என்றாள்.

காவேரி திரும்பவே இல்லை. அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. ப்ரீதா எழுந்து அவளிடம் போகவில்லை. போனால் தானும் உடைந்துவிடுவோம் என்று தோன்றியது. ஆசைப்பட்டு வந்தது இதற்கு இல்லை. தான் யார் என்பதை ஒருத்தர் வாயால் கேட்க வேண்டும் என்று வந்தவளிடம், அதை எப்போதும் சொல்லமாட்டேன் என்று இந்த அம்மாள் சொல்லிவிட்டாள். அது வலித்தது. எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்ட மெல்வின் கதவைச் சாத்தினான். எதையும் கேட்க விரும்பாத இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துப் பார்ப்பது என்று ப்ரீதாவுக்குத் தெரியவில்லை. எழுந்திருக்க லட்சுமியம்மாள் கையை நீட்டியபோது பிடித்துத் தூக்கிவிட்டாள். மூன்று பேரும் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றார்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, எனக்குக் கால் வலிக்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று லட்சுமியம்மாள் ரூபாவோடு காபி குடிக்க உட்கார்ந்துகொண்டாள். கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் காவேரி ப்ரீதாவின் கையைப் பிடித்தாள். ஓசூரிலும் பெண்கள் கைபிடித்து நடக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தப் பிடி வேறு என்று இருவருக்கும் தெரிந்தது. எதிரே ஒரு குடும்பம் வந்தபோது காவேரியின் விரல்கள் தளர்ந்தன. அவர்கள் கடந்து போனதும் மறுபடி இறுகின. ப்ரீதாவோ, தன்னை அறியாமல், வருகிற முகங்களில் கம்பெனி ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தாள். துணிச்சல் எல்லாம் தனக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

திரும்பும்போது மாதேஷ் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அம்மாவுக்காகக் காத்திருந்தான். கடலைப் பார்த்துவிட்டு வந்தேன், இவர்கள் இரண்டு பேரும்தான் கூட்டிப் போனார்கள் என்று லட்சுமியம்மாள் அவனிடம் சொன்னாள். அவன் ப்ரீதாவைப் பார்த்துத் தலையசைத்து, டீ சாப்பிடுகிறீர்களா அக்கா என்று கேட்டான். பஸ் கிளம்பப் போகிறது என்று அவள் மறுத்துவிட்டாள்.

சூளகிரி தாண்டும்போது குளிர் ஏற ஆரம்பித்தது. காவேரி ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

"அடுத்த வருசம் சீசன் முடிஞ்சதும் நாம ரெண்டு பேரு மட்டும் வர்றோம்னு ரூபாக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கறன்," என்றாள்.

"எப்ப சொன்ன?"

"கிளம்பறப்ப. நீ பைய எடுத்துனு வரப் போயிருந்தல்ல, அப்ப." கண்ணாடியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். "நாங்க ஃப்ரெண்ட்ஸ் இல்லக்கான்னும் சொன்னன். தெரியும்னாங்க. உங்க வாயால சொன்னதுக்கு சந்தோசம்னாங்க."

ப்ரீதா வெளியே பார்த்தாள். கம்பெனிகளின் விளக்குகள் தெரியத் தொடங்கின. காலையில் அவளுக்கு முதல் ஷிஃப்ட்.