வாய் நிறையத் தண்ணீர்

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, காலையில் பையை மாட்டியதும் அவளுக்கு வயிறு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலித்ததே இல்லை. எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. இப்படியே போனால் பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். என் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

இரும்புலியூரில் அவளுடைய பள்ளிக்கு, படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்றே ஒரு டீச்சர் வந்துகொண்டிருந்தார். சின்ன வயசு. ஒரு நேரத்தில் ஒரே பிள்ளை, மாடிப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம். கம்பெனியில் எனக்கு ஷிப்ட் மாறிய ஒருநாள் நான் போய்ப் பார்த்தேன். மகள் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டாள். டீச்சர் சொல்லித் தரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. சும்மா இருந்தார். நானாக இருந்தால் அதற்குள் நாலு தடவை கத்தியிருப்பேன். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "அக்கா, வீட்ல யாரு வார்த்தையச் சொல்லிக் குடுக்கறது? நின்னுட்டா புக்கைப் பாக்க மாட்டேங்கறா, என் வாயைப் பாக்கறா."

நான்தான். தினமும் அவர் கொடுத்தனுப்பும் குட்டிப் புத்தகத்தில் பாதியை நானே படித்து முடித்திருந்தேன். மறைமலை நகர் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அவ்வளவுதான் பொறுமை.

"என்னால வாய மூடிக்கினு இருக்க முடியாது டீச்சர்" என்றேன்.

சிரித்தார். "அப்போ அவ படிக்கறப்போ வாய்ல தண்ணி வெச்சுக்கோங்க. நானும் அப்படித்தான் பழகினேன்."

அவருக்கும் இது பிறவியிலேயே வந்ததில்லை என்று தெரிந்ததும் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. என் கணவருக்கோ ஏகக் கொண்டாட்டம். "உன் வாயை அடைச்சாங்களே, அவங்களுக்குக் கோயிலே கட்டலாம்" என்றார். வாய் நிறையத் தண்ணீரோடு முறைக்கத்தான் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம். ஆடு சுவரேறி முருங்கைக்கீரை தின்னும் கதை. 'முருங்கை'யில் நின்றாள். வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். உப்பிய கன்னத்தோடு நானும் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, முதல் முறையாக, தானாகவே புத்தகத்துக்குத் திரும்பினாள். விரல் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது. "மு... ரு... முருங்கை!" கடைசிப் பக்கம் வரை நிற்கவே இல்லை.

என் கண்ணில் தண்ணீர், வாயிலும் தண்ணீர். ஒரு 'சபாஷ்' சொல்ல வழியில்லை.

அவள் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள். "நாளைக்கு டீச்சர்கிட்ட இதைப் படிச்சுக் காட்டணும்மா. நீ இப்போ முழுங்கிக்கோ."