ஹோனோகா மிச்சம் வைத்த அரை இட்லி

தேவானைக்கு ஆட்டோ ஓட்டத் தெரியும், டிராஃபிக் போலீஸிடம் வாயாடத் தெரியும். சந்தோஷம் வந்தால் வாயை மூடத்தான் தெரியாது. மகள் மணிமொழி படிக்கும் மயிலாப்பூர் பள்ளிக்கு ஜப்பானில் ஒரு சகோதரிப் பள்ளி வாய்த்தது. அங்கிருந்து வரும் பிள்ளைகளில் ஒருத்தி ஒரு வாரம் தங்கள் வீட்டில் தங்கப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து, தேவானையின் வண்டியில் ஏறிய ஒவ்வொரு சவாரியும் அந்தச் சேதியோடுதான் இறங்கியது.

விஷயம் அப்படி. விருந்தாளி கடைசி நாள்வரை தங்கினால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் ஜப்பான் போக இடம். நடுவில் வேறு வீட்டுக்கு மாறிப்போனால் இடமும் கூடவே போய்விடும். மணிமொழி பூகோளப் புத்தகத்தில் ஒசாகாவைச் சுற்றி வட்டம் போட்டுப் போட்டுத் தாளையே கிழித்து வைத்திருந்தாள்.

மந்தைவெளியில் ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி, ஒரே அறை. இருக்கட்டுமே! எதிர்வீட்டார் டேபிள் ஃபேன் தந்தார்கள், மேல்வீட்டார் புது மெத்தை தந்தார்கள். ஞாயிறு காலை ஹோனோகா வந்து இறங்கியபோது பிளாக்கே படிக்கட்டில் நின்றது. மூக்குக்கண்ணாடி போட்ட அந்தப் பெண் குனிந்து குனிந்து வணக்கம் வைக்க, பிளாக்கும் பதிலுக்குக் குனிந்தது.

மத்தியானம் வஞ்சிரம் வறுவலும் சோறும். ஹோனோகா ஒரு பருக்கை விடாமல் தட்டைக் காலி செய்தாள். தேவானைக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. இன்னொரு கரண்டி வைத்தாள். அதுவும் காலி. காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு எந்தக் கைதான் சும்மா இருக்கும்? மறுபடி வைத்தாள். எதிர்வீட்டுப் பாயசமும் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டது. ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். இந்த வருகைக்குப் பொறுப்பான அன்புச்செல்வி டீச்சருக்குச் சேதி போனது. காலையில் வந்து ஹோனோகாவை அடையாறில் வேறொரு மாணவி வீட்டுக்கு அழைத்துப்போவதாக அவர் போனில் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவர் அமைதியாகச் சொன்னதுதான் தேவானைக்குத் தாங்கவில்லை. பாழாய்ப்போன கை என்று தன் கையையே ஏசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெண்கள் இருவரும் அரைகுறை இங்கிலீஷில் ரொம்ப நேரம் குசுகுசுத்தார்கள். பிறகு மணிமொழி எழுந்து வந்தாள்.

"எம்மா, தட்டுல மிச்சம் வெச்சா சமைச்சவங்களுக்கு மரியாத இல்லன்னு அவங்க வூட்ல சொல்லிக் குட்த்துக்கீறாங்க. நீ போட்டுக்கினே இருந்த, அவ துன்னுக்கினே இருந்தா."

"தட்டு காலியா கீதேன்னுதானேடி போட்டேன்!"

தேவானைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நம் ஊரில் போதுமென்றால் கொஞ்சம் மிச்சம் வைத்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று மணிமொழி விளக்கிச் சொல்ல, ஹோனோகாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

காலையில் டீச்சர் வந்தபோது ஹோனோகா தெம்பாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளுடைய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒன்றரை இட்லி உள்ளே போனது. மிச்சம் அரை. அவள் விரல் அதை நோக்கிப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. பிறந்ததிலிருந்து தட்டில் எதையும் விட்டறியாத பெண்ணாயிற்றே, முகமே சிவந்துவிட்டது. கடைசியில் தட்டை மெல்ல நகர்த்திவிட்டு தேவானையை நிமிர்ந்து பார்த்தாள்.

தேவானை அவளுக்கு வைக்கக் கையில் எடுத்திருந்த இட்லியைச் சத்தமில்லாமல் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டாள்.

ஹோனோகா டீச்சர் பக்கம் திரும்பி, இந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று கற்றுக்கொண்டுவிட்டேன், இங்கேயே இருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். டீச்சர் அந்த அரை இட்லியைப் பார்த்தார். பெட்டியை விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தேவானை அவருக்கு ஒரு தட்டு வைத்தாள். வைத்த கையோடு கேட்டாள்:

"டீச்சர், பாஸ்போர்ட்டு எடுக்க எந்த ஆபீஸுக்குப் போவணும்? வண்டி கீழதான் நிக்குது."