கதவில் விட வேண்டிய இடைவெளி

இது நடந்தது. பட்டப்பகலில், டியூப் லைட் வெளிச்சத்தில், வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்குப் பேய் வருமா என்று கேட்பீர்கள். வந்தது. அதற்கு நேரங்காலம் தெரியவில்லை என்றால் ஒட்டடை என்ன செய்வான்?

ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். வேலை அக்காவின் கடையில். யாராவது போட்டோ கொடுத்தால் கம்ப்யூட்டரில் அதை வெறும் கோடுகளாக மாற்றுவான். கோட்டின் வழியே லேசர் மெஷின் பலகையை வெட்டும். கல்யாணப் பரிசு, சுவர் அலங்காரம், செல்ல நாயின் முகம்... இதுவரை தன் முகத்தைக் குறை சொல்லாத வாடிக்கையாளர் அந்த நாய் மட்டும்தான்.

அன்று வந்தது ஒரு பழைய வீட்டின் படம். பூட்டிய வாசல் கதவு. ஒரு பெரியவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"கதவைச் சுத்தி முழுசா கோடு போட்டுடாதடா. வெட்டினதும் கழண்டு விழுந்துடும். ரெண்டு எடத்துல கொஞ்சம் விட்டு வை," என்றாள் அக்கா.

"எனக்கே பாடமா?"

"உனக்குத்தான்டா."

அவள் முன்பக்கக் கவுண்டருக்குப் போனாள். அவன் இருந்த மெஷின் அறைக்கு ஒரே கதவு. ஜன்னல் கிடையாது.

படம் கோடுகளாக மாறியது. வாசல் கதவின் அடியில் மட்டும் நான்கு சின்ன வளைவுகள். போட்டோவில் தூசி இருந்தால் இப்படி வரும். அழித்தான்.

மறுபடி வந்தன.

அழித்தான். வந்தன.

பெரிதாக்கிப் பார்த்தான். விரல் நுனிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நகம். போட்டோவில் அதே இடத்தில் வெறும் நிழல்தான் இருந்தது.

பதற்றத்தில், படத்திலிருந்த கதவின் கோட்டை முழுவதுமாகச் சுற்றி மூடிவிட்டான்.

டப்.

முதுகுக்குப் பின்னால் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

கைப்பிடி திரும்பவில்லை. மின்விசிறி நின்றது. கருகிய பலகை வாசனை நெஞ்சை அடைத்தது.

"அக்கா...!"

குரல் தொண்டையை விட்டு வரவில்லை. ஓங்கித் தட்டினான். சத்தமே இல்லை. பஞ்சில் அடிப்பது போல...

மூச்சு முட்டியது. தரையில் குப்புறப் படுத்தான். கதவின் அடியில் விரல்களை நுழைத்தான்.

பக்கத்தில் யாரோ படுத்திருந்தார்கள்.

இரைக்கும் மூச்சு. காதருகில்.

இன்னொரு கை அவன் கையை உரசிக்கொண்டு அதே இடைவெளியைத் தேடியது...

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தவழ்ந்தான். மவுஸை எட்டிப் பிடித்தான். கதவின் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டினான்.

காற்று வந்தது. அறைக் கதவு திறந்தே கிடந்தது; அந்தப் பக்கம் கவுண்டரில் அக்கா.

"கதவு... எப்படிக்கா தொறந்துச்சு?"

"எப்படா மூடுச்சு? நீ அசையாம உக்காந்திருக்கறத இங்கேர்ந்தே பாத்துட்டுதானே இருக்கேன்?"

அவன் நகங்களுக்குள் மரச்சிராய்.

சாயங்காலம் பெரியவர் வந்தார். அந்தப் போட்டோ எப்போது எடுத்தது என்று ஒட்டடை கேட்டான்.

"வீட்டைக் காலி பண்ணின அன்னிக்குப்பா. பூட்டிட்டு, வாசல்ல நின்னு எடுத்தோம். ரெண்டு வண்டியில கெளம்பினோம். என் தம்பி அந்த வண்டியில இருக்கான்னு நாங்க நெனச்சோம். இந்த வண்டியில இருக்கான்னு அவங்க நெனச்சாங்க."

"உள்ளேர்ந்து அவரு கூப்பிட்டிருக்கலாமே, சார்?"

"அவனுக்கு வாய் பேச வராது. இரைப்பு வேற." பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "தட்டியிருப்பான். போட்டோவுக்காக நாங்கதான் சத்தம் போட்டுச் சிரிச்சிட்டு இருந்தோம்."